கண்ணாடிக் கடையில் ஒரு மலை

கஸ்தூரியார் வீதிக் கண்ணாடிக் கடையில்
எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில்
ஜேர்மனியிலிருந்து வந்த கலண்டர் தாள்.
இருநூறு வருசத்துக்கு முந்தின ஓவியமாம்.
மாதத்தை வெட்டி எறிந்துவிட்டு
மலையை மட்டும் சட்டமிட்டிருக்கிறார் செகராசசிங்கம்.
வரைந்தவன் பெயரும் மாதத்தோடு போயிற்று.

மலையில்லாத ஊர்க்காரி நான்.
ஏறியதெல்லாம் தண்ணீர்த் தாங்கியின் படிகள்,
அதுவும் பாதிவரை.
வெறுங்கண்ணுக்கு அது
சாம்பல் பூத்த ஈரச் சுவர்.

ஒரு வில்லையைச் செருகினார்.
சுவர் பிளந்து பள்ளத்தாக்கு.
இன்னொன்று:
பாறை விளிம்பில்
அரிசிமணியளவு ஒரு மனிதன்,
முதுகு மட்டும்.

"ஆள் தெரியுதோ?"
"தெரியுது."
"அப்ப சரி." நம்பரை எழுதிக்கொண்டார்.

எனக்குச் சரியாகவில்லை.
அவ்வளவு மூடுபனியை அள்ளிப் பூசிய கை
அந்த ஒரு மணியை வைக்க
எத்தனை நேரம் மூச்சை அடக்கியிருக்கும்?

புதுக் கண்ணாடியோடு
பின்னேரம் பண்ணையில் நிற்கிறேன்.
ஐப்பசி வானம் கறுத்து இறங்கிக்
கடலோடு ஒட்டிக் கிடக்கிறது.
களங்கண்டித் தடிகளுக்கு நடுவே
முழங்கால் நீரில் ஒருவன்,
முதுகு மட்டும்.

மூச்சை அடக்கினேன்.

அவன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்:
"அக்கா, வேலணை பஸ் போட்டுது!"