நாற்பத்தேழாம் நாள்

உங்கள் முடிவு வந்து சேர்ந்தது.
எட்டுப் பக்கம். ஏழில் சட்டப்பிரிவுகள்,
எட்டாவதில் ஒரே வரி:
புகார் காலம் கடந்தது, ஆகவே தள்ளுபடி.

நாற்பத்தைந்து நாளுக்குள் ஆலோசகரைப் பார்த்திருக்க வேண்டும்.
நான் போனது நாற்பத்தேழாம் நாள்.
சமையலறை நாட்காட்டியில் பென்சிலால்
இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.
உங்கள் கணக்கு சரிதான்.
பொய்யோடு இந்த மேல்முறையீட்டைத் தொடங்க விருப்பமில்லை.

என் பெயர் ஐலி ஹாதாயா.
டுலூத் தபால் பிரிப்பு நிலையத்தில்
பத்தொன்பது ஆண்டுகளாக இரவுப் பணி.
பிறந்ததிலிருந்தே காது கேளாது.
எந்திரம் ஓர் உறையைக் கவ்விக்கொண்டால்
மற்றவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.
தரை என் பாதத்திடம்தான் முதலில் சொல்லும்.

செவ்வாய்தோறும் இரவு பத்தேகாலுக்குப் பாதுகாப்புக் கூட்டம்.
பிராண்ட்வோல்ட் பெட்டியொன்றின்மேல் ஏறி நின்று பேசுவார்.
உதட்டில் பாதியை மீசை மூடியிருக்கும்,
மீதியைக் காபிக் கோப்பை.
எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன்,
ஒரு நொடி தாமதமாக.
அந்தத் தாமதத்தை மட்டும் யாரும் எண்ணியதில்லை.

சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று
எழுதிக் கேட்டேன். ஆறு முறை.
செலவு அதிகம் என்றது ஒரு சீட்டு.
பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொள் என்றது இன்னொன்று.
பக்கத்தில் நின்றவள் டோரீன். நல்லவள்.
இருபது நிமிடப் பேச்சை
என் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள்:
ஒன்றுமில்லை. ஏணி.

அந்த ஏணியின் மேல்படிதான் கழன்றிருந்தது.
ஏறாதீர்கள் என்று அன்று சொன்னாராம்.
ஏறினேன்.
இப்போது என் மணிக்கட்டில் இரண்டு திருகாணிகள்.
எக்ஸ்ரே, மூன்றாம் இணைப்பு.
கவனக்குறைவு என்று எனக்கே தந்த எச்சரிக்கைக் கடிதம், நான்காம் இணைப்பு.
அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்துதான்
உங்கள் நாற்பத்தைந்து ஓடத் தொடங்குகிறது.

கெடு ஊழியர்களுக்கு முறையாக அறிவிக்கப்பட்டது
என்கிறது ஆறாம் பக்கம்.
எங்கே என்று தேடினேன்.
அடிக்குறிப்பு பதினொன்று, கடுகு எழுத்தில்:
ஜனவரிப் பாதுகாப்புக் கூட்டத்தில், வாய்மொழியாக.

வாய்மொழியாக.

இந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு நாய்
ஏரியைப் பார்த்துக் குரைத்தது.
அதன் வாய் திறந்து மூடுவது தெரிந்தது.
பனிக்கட்டி உடைகிறது போலிருக்கிறது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
ஊதியதற்கு நீங்கள் ரசீது வைத்திருக்கிறீர்கள்.
எந்தக் கூட்டம் எனக்குக் கேட்கவில்லை என்று முறையிட்டேனோ
அந்தக் கூட்டத்துக்குள்ளேயே
முறையிடும் கெடுவையும் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.
சாவி பெட்டிக்குள் இருக்கிறது,
திறந்து எடுத்துக்கொள் என்கிறீர்கள்.

சுவரொட்டியும் இருந்தது, உண்மை.
குளிர்பான எந்திரத்துக்குப் பின்னால்.
பழுதுபார்க்க அதை நகர்த்தியது நாற்பத்தாறாம் நாள் இரவு.
சுவரில் தூசி படியாத சதுரம், அதில் உங்கள் எண்.
காலையில் கதவு திறக்குமுன்பே
ஆலோசகர் அலுவலக வாசலில் நின்றேன்.
கையில் கட்டு. சீருடைகூட மாற்றவில்லை.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். இன்று இருபத்தொன்பது.
முத்திரை விழும் தேதியே தாக்கல் தேதி என்று படித்தேன்,
இந்த முறை எழுத்தில்.
உறையை எல்லோரையும்போல வாசல் பெட்டியில் போடுவேன்.
பிறகு உள்ளே போய், என் ஷிப்டில், இரண்டாம் எந்திரத்தருகே நிற்பேன்.
நிமிடத்துக்கு ஐந்நூறு உறைகள் ஓடும்.
என்னுடையது எது என்று பாதத்துக்குத் தெரியப் போவதில்லை.
இருந்தாலும் நிற்பேன்.

இப்படிக்கு,
ஐ. ஹாதாயா.

பின்குறிப்பு:
விசாரணைக்கு அழைத்தால் மொழிபெயர்ப்பாளர் தேவை.
ஏழாவது முறையாகக் கேட்கிறேன்.