சிரசுக்கு முந்தின வியாழன்

அரைநாள் லீவு எதற்கு என்றார் சூப்பர்வைசர்.
வயிறு என்றேன்.
ஷூ கம்பெனியில் பெண்களுக்கு
அந்த ஒரு சொல் போதும்.
மேலே கேட்கமாட்டார்கள்.

பேரணாம்பட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து
குடியாத்தத்தில் இறங்கும்போது
கையில் இன்னும் பசை நாற்றம்.
கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் இல்லை,
பாலத்துக்குக் கீழே கிரிக்கெட்.

அமலோற்பவம் சிஸ்டர் டிராயரைத் திறந்து
ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார்:
மாத்திரை அட்டை, டி வடிவில் ஒரு கம்பி,
உறைப் பொட்டலம், சின்னக் குப்பி.
எது சிஸ்டர் நல்லது?
யாருக்கு? என்றார்.
எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.

மாத்திரைதான் சுலபம் என்று
எதிர்வீட்டு நஸ்ரீன் சொல்லி அனுப்பியிருந்தாள்.
தலைவலி வருமா? என்றார் சிஸ்டர்.
வரும்.
வருவதற்கு முன் இடது கண்ணோரம்
வெள்ளி ஜரிகை ஒன்று கோணிக் கோணி ஓடும்.
அது ஓடி முடிகிறவரை
ஊசி எங்கே குத்துகிறது என்று தெரியாது,
இரண்டு தடவை விரலைத் தைத்திருக்கிறேன்.

சிஸ்டர் மாத்திரை அட்டையைத்
தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
இது உனக்கு வேணாம்மா.
ஜரிகை ஓடுறவங்களுக்கு இந்த மாத்திரையால
மூளையில ரத்தம் அடைச்சிக்கிற ஆபத்து கூடும்.

அந்த ஜரிகையை வினாயகம் நம்பியதே இல்லை.
வேலைக்கு மட்டம் போடுற நாடகம் என்பார்.
இங்கே அதை நீல மையில் எழுதிக்கொண்டார்கள்.

விரல் நுனியில் குத்தினதில் ரத்தம் எட்டரை.
கம்பி பத்து வருஷம் தாங்கும், நல்லதுதான்,
ஆனா உனக்கு ஏற்கெனவே அஞ்சு நாள் கொட்டுது,
இன்னும் கூடிட்டா? மொதல்ல ரத்தம் ஏறட்டும்.
பாத்ரூம் டோக்கன் ஷிப்டுக்கு இரண்டுதான்,
மூன்றாவதற்குப் பேரெழுதி ஒட்டுவார்கள் என்றேன்,
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
அதையும் எழுதினார்.

ஆபரேஷன் பண்ணிக்கினு வந்துடு அண்ணி,
தொல்லை வுட்டுது என்கிறாள் நாத்தனார்.
கனிஷ்காவுக்கு நாலு வயசு.
இன்னொன்று வேண்டுமா என்பதை
பசை தடவி ஒட்டி மட்டும் வைத்திருக்கிறேன்.
இன்னும் தைக்கவில்லை.
தைத்துவிட்டால் பிரிக்க முடியாது,
பிரித்தாலும் தோலில் ஓட்டை தெரியும்.

சிஸ்டர் குப்பியை உருட்டிக் காட்டினார்.
மூணு மாசத்துக்கு ஒண்ணு.
தூரம் தள்ளிப்போகும், திட்டுத்திட்டாப் படும்,
நின்னாலும் நிக்கும், பயந்துக்காத.
வுட்டப்புறம் கொழந்த தங்க
ஏழெட்டு மாசம்கூட ஆகும், தெரிஞ்சிக்கோ.
தலைவலி கூடிச்சின்னா அன்னிக்கே வா.

யோசித்தேன்.
வெளியே யாரோ டோக்கன் நம்பர் கத்தினார்கள்.
சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை,
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.
அதைப் போடுங்க என்றேன்.

பதினாலு வருஷம் பள்ளிக்கூடம், கம்பெனி,
கல்யாணம், பிரசவ வார்டு.
எல்லா இடத்திலும் தலையாட்டின கழுத்து
இன்றைக்குக் கொஞ்சம் வலித்தது.

கிளம்பும்போது உறைப் பொட்டலத்தையும் நீட்டினார்.
வூட்டுக்காரர் லாரிதான ஓட்றாரு?
இதையும் எடுத்துனு போ. நோய்க்கும் இதான் தடுப்பு.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
பையில் டிபன் டப்பாவுக்குக் கீழே வைத்தேன்.

அடுத்த ஊசி
சிரசுக்கு முந்தின வியாழன்.
ஊரே அம்மன் தலையைத் தூக்கிக்கொண்டு வந்து
உடம்போடு சேர்க்கிற நாளுக்கு முன்னாலேயே
எனக்கு ஒரு தேதி.
அட்டையைப் பசை தடவி
கேஸ் சிலிண்டருக்கு மேல் சுவரில் ஒட்டினேன்.
கம்பெனிப் பசை. லேசில் வராது.

ராத்திரி ஓசூர் டோல்கேட்டிலிருந்து போன்.
இன்னா சொன்னாங்க?
தலைவலி நெஜம்தானாம் என்றேன்.