தொப்பூரில் ஒரு கல்

பட்டியல் என் கையெழுத்து. நாற்பத்தொரு வரி.
வண்டிக்குள் குட்டி அலமாரியின் கதவில் ஒட்டியிருந்தேன்.
ஸ்டெப்னி, ஜாக்கி, டப்பா நிறைய ஃப்யூஸ்,
இரண்டு நாளுக்குத் தண்ணீர், ஓம வாட்டர்,
மூன்று டார்ச்சு (ஒன்று எரியாது, ஆனாலும்),
தார்ப்பாய், கயிறு, மெழுகுவர்த்தி.
கடைசி வரியை மட்டும் சென்றாயன் எழுதினான்:
மனசு சோர்ந்தால், கடளை மிட்டாய்.
ளகரத்தைத் திருத்தாமல் விட்டேன்.

பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்து சலித்த
டெம்போ டிராவலர் அது.
சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டோம்,
ஜன்னலுக்கு என் சுங்குடிப் புடவையைக் கிழித்தோம்.
ஓசூரிலிருந்து குமரிவரை பதினைந்து நாள்.
'வாடகை கட்ட முடியலையா?' என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிப் பையன்
எட்டிப் பார்த்துக் கேட்டான்:
'உள்ள அடுப்பெல்லாமா இருக்கு?'
அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

தருமபுரி தாண்டி, தொப்பூர் இறக்கம்.
தாழ்ந்த கியரில் செல்லவும் என்ற பலகையைப்
படித்துக்கொண்டே தாண்டிவிட்டோம்.
பிறகுதான் அந்த வாடை, தீய்ந்த ரப்பர்போல.
பிரேக் மிதி
ஈரத்துணியை மிதித்தாற்போல் உள்ளே போனது.
சென்றாயன் ஒன்றும் பேசவில்லை.
பேசாமல் இருந்தால் பயம் என்று
கட்டிய பதினொரு வருடத்தில் தெரியும்.
மூன்று, இரண்டு, ஒன்று,
இன்ஜின் அலறியது,
இடது ஓரத்து மண்ணில் நின்றோம்.

நின்றோம் என்றா சொன்னேன்?
ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டியும்
யோசித்து யோசித்து
ஒரு விரற்கடை நகர்ந்தது வண்டி.
இன்னொரு விரற்கடை.

நாற்பத்தொரு வரியில் கல் இல்லை.
சுற்றிலும் மலை, மலை முழுக்கக் கல்,
எல்லாம் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம்.
நான் சப்பாத்திக் கட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
(இதை எழுதவே கூடாது என்றிருந்தேன்.)

ராயக்கோட்டைத் தக்காளி லாரி ஒன்று மெதுவாக வந்தது.
ஓடும்போதே குதித்தான் கிளீனர், பெயர் மாதேசு,
கையில் தேங்காய் அளவு கருங்கல்.
முன்சக்கரத்தடியில் ஒரு தள்ளு.
வண்டி அடங்கியது.
'டிரம்மு சூடுக்கா. தண்ணி ஊத்திடாதீங்க, வெடிச்சிடும்.
சும்மா உக்காருங்க, அதுவே ஆறும்.
போறப்ப கல்ல ரோட்டுல போட்டுட்டுப் போவாதீங்க,
ராத்திரி பைக்குல வர்றவனுக்குத் தெரியாது.'
சொல்லிக்கொண்டே ஓடி லாரியைப் பிடித்தான்.
எங்கள் நன்றி பாதி வழியில் விழுந்தது.

தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்தோம், ஒன்றரை மணி நேரம்.
அழலாம் என்று இருந்தது.
கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
ஒரு குரங்கு வந்தது,
அவசரமே இல்லாமல்
முழுப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு போனது,
நாங்கள் கொடுத்ததுபோலவே.
சென்றாயனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
எனக்கு அதன் பிறகு, வயிறு வலிக்க.

வெயில் சாய்ந்தபோது மிதி கெட்டியாகத் திரும்பியது.
அவன் ஏறி, முதல் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்திருக்க,
நான் கல்லை எடுத்தேன்.
கனம். ஒரு பக்கம் டயரின் வரி பதிந்திருந்தது.
மலையடிவாரம்வரை மடியில்தான் வைத்திருந்தேன்.

தொப்பூரில் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றும்போது
பட்டியலில் சேர்த்தேன்:
நாற்பத்திரண்டு. கல்.
டீ வாங்கி வந்து பார்க்கிறேன்,
பக்கத்தில் அவன் எழுத்து:
திரும்ப எடுக்க மரக்காதே.