நட்சத்திரக் குறியிட்ட கட்டங்கள்

பகலெல்லாம் பொய் சொல்வதற்குச் சம்பளம்.
வயதுக் கட்டத்தில் மைனஸ் நான்கு.
பிறந்த நாள், பிப்ரவரி முப்பது.
செல்பேசி எண்ணில் ஒன்பது இலக்கமும் ஒரு கமாவும்.
பெயருக்குப் பதில் பத்து முறை
ஸ்பேஸ் பாரைத் தட்டினால்
ஒரு மனுஷியாகிவிடலாம், போன வாரம் வரை.
ஷெனாய் அந்த ஓட்டையை அடைத்துவிட்டான்.

எங்கே பிசகினாலும்
அந்தந்தக் கட்டத்தின் காலடியில்
சிவப்பில் ஒரு வரி வர வேண்டும்.
தவறு என்றால் மட்டும் போதாது,
எது, ஏன் என்றும் சொல்ல வேண்டும்.
மீட்டிங் தோறும் இதற்குத்தான் சண்டை.

சாயங்காலம் கக்கதாசபுரத்தில்
டு-லெட் பலகை தொங்கிய வீடு.
கேட்டைத் திறக்காமலே கேட்டார்:
பெயர். ஊர். கம்பெனி.
கல்யாணம் ஆயிற்றா. மீன் சமைப்பீர்களா.
"அதில்லம்மா, நீங்க என்ன ஆளுங்க?"

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.
பரிமளச்செல்வி. ஏரல். கம்பெனி பெயரும் நிஜம்.
ஆகவில்லை. சமைப்பேன்.
கடைசியை மட்டும் காலியாக விட்டேன்.

"போன் பண்றோம்" என்றார்.
நம்பரைக் கேட்கவில்லை.

பஸ் மாரத்தஹள்ளிப் பாலத்தில் நிற்கிறது, நகரவேயில்லை.
மேலிருந்து கீழ்வரை மறுபடி உருட்டிப் பார்க்கிறேன்.
எந்தக் கட்டத்தின் அடியிலும்
சிவப்பு இல்லை.