லேபிள்

வால்டிவியாவில் மூன்றாம் வாரமாக மழை.
பள்ளி உணவுக்கூடத்தில் ஒத்திகை;
மதிய சூப்பின் வாடை இன்னும் போகவில்லை.

நாடகத்தில் லவுதாரோவுக்கு வயது பதினாலு.
ஆற்றுப்படகுகளின் நேரமெல்லாம் மனப்பாடம்.
பேசுகிறவரின் காதைப் பார்த்தே பதில் சொல்வான்.
புதுச்சட்டை வந்தால் முதல் வேலை
கழுத்து லேபிளைக் கத்தரிப்பது.

"இவனுக்கு ஆட்டிசமா?" என்றாள் லியோகாதியா,
அவன் அம்மாவாக நடிப்பவள்.
"தெரிந்தால் அழுகையை மாற்றிக்கொள்வேன்."

எழுதியவள் நான்.
எனக்கே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மருத்துவம் படிக்கும் அன்செல்மோ
விரல்விட்டு எண்ணினான்: இது பொருந்தும், இதுவும்.
ஆனால் மீன்சந்தைக் காட்சியில்
கடற்சிங்கத்திடம் டிக்கெட் கேட்கிறானே,
அது கிண்டல் இல்லையா?
"ஏன், அவன் கிண்டல் பண்ணக்கூடாதா?"
குரல் என்னுடையதுதான். கோபம் எங்கிருந்து வந்ததோ.

ஏணி உச்சியில் விளக்குக்கு நிறத்தாள் மாட்டிக்கொண்டிருந்தார்
எவுலோகியோ. ஐம்பத்தாறு வயது.
"லேபிளை வெட்டாமல்
நீங்களெல்லாம் எப்படித்தான் உடுத்துகிறீர்கள்?"

நிஜமாகவே கேட்டார்.
அண்ணாந்து பார்த்தோம்:
அவர் காலருக்குக் கீழே
அவசரத்தில் துணியோடு சேர்த்து வெட்டிய
சின்ன ஓட்டை.

"அந்தக் குழல்விளக்கு முனகுகிறது," என்றார் பிறகு,
"மார்ச்சிலிருந்து சொல்கிறேன்."

அணைத்தோம்.
முனகல் நின்றதும்தான்
இத்தனை நாள் முனகியது தெரிந்தது.

லியோகாதியா கைக்குட்டையை நாலாக மடித்து
பைக்குள் வைத்தாள்.
ஜன்னல் வெளிச்சம் போதும் என்று
மூன்றாம் காட்சியிலிருந்து ஆரம்பித்தோம்.