மைமுவுக்கு ஏழு பிறந்தநாள்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார் போதகர்.
"சிறுவர் ஊழியத்தின் வரலாறு. சுருக்கமாக.
படம் இருந்தால் நல்லது."

சபையின் இரும்புப் பெட்டியில்
ஞாயிறு பள்ளிப் பதிவேடு கிடந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, ஜூன் பதினாறு:
பிள்ளைகள் முப்பத்தொன்று. காணிக்கை இரண்டு குரோன்.
அடுத்த வரி எண்பத்தொன்பதில்,
வேறு மை, வேறு கை.
இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை வெள்ளை.
அந்த விரற்கடைக்குள்தான்
நான் பிறந்தேன், பல் விழுந்தது, மீசை முளைத்தது.

ஊர் ஹாப்சாலு.
மூன்று பக்கம் கடல்,
நாலாவது பக்கம் சோதனைச் சாவடி.
பதினெட்டு நிரம்பாதவருக்குக்
கடவுளைச் சொல்லித்தருவது குற்றம் என்றது சட்டம்.
பிறந்தநாளைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை.
ஹெல்மி அக்கா அதைக் கவனித்தாள்.

ஆசிரியை வேலை பறிபோய்
மீன் டப்பா ஆலையில் தரை கழுவிக்கொண்டிருந்தவள்.
வானத்தைக் காட்டும் விரலிலும்
புகையிட்ட மீன் மணக்கும்.

ஆக, ஞாயிறுதோறும் யாருக்காவது பிறந்தநாள்.
ஏலக்காய் போட்ட வளைய ரொட்டி,
மெழுகுவர்த்தி, இழுத்து மூடிய திரை.
அறுபத்தொன்பதில் மைமுவுக்கு மட்டும் ஏழு தடவை,
அவள் வீட்டு அடுப்பு பெரிது.
வகுப்பில் வயது கேட்டார்கள்.
கணக்கில் கெட்டிக்காரி, பதினைந்து என்றாள்.
அவளுக்கு எட்டு.

ஹெல்மி அக்காவுக்கு ஐம்பது ரூபிள் அபராதம்.
அடுத்த ஞாயிறு எனக்குப் பிறந்தநாள்.
நான் பிறந்தது நவம்பரில்.
அது மே.

எங்களிடம் எழுத்து இல்லை.
அவர்களிடம் இருந்தது.
தார்த்து காப்பகத்தில் கோப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள்,
கூடவே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை.
உளவு சொன்னவரின் புனைபெயர் தேனீ.

"மார்ச் 9. மாடி அறை. சிறார் பன்னிரண்டு.
ராணுவக் கம்பளியில் வெட்டிய ஆடுகளைப்
பலகையில் ஒட்டுகிறார். நூறு ஆடு என்கிறார்.
எண்ணினேன், பதினான்கு.
மற்றவை அலமாரிக்குப் பின்னால் மேய்கின்றனவாம்.
சிறார் சிரித்தனர்."

எங்கள் பெயர்கள், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல்.
பாடிய பாட்டு, முதல் அடியிலிருந்து ஆமென் வரை.
யார் அழுதது,
யார் இரண்டாவது துண்டு கேட்டது
(நான்).
இத்தனை அக்கறையான செயலாளர்
எங்கள் ஊழியத்துக்கு
முன்னும் வாய்த்ததில்லை, பின்னும்.

போகப்போக அறிக்கை நீள்கிறது.
எழுபத்திரண்டில் ஒரு தாளின் அடியில்:
"மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதை வனாந்தரத்தில் விட்டுவிட்டு
ஒன்றைத் தேடிப் போனது ஏன்?
அடுத்த முறை சொல்வதாக ஆசிரியை கூறினார்.
அடுத்த முறையும் செல்ல அனுமதி கோருகிறேன்."
ஓரத்தில் அதிகாரியின் சிவப்புப் பென்சில்:
தேவையற்றது.
அதற்குப் பிறகு தேனீ எழுதவில்லை.

உண்மைப் பெயர் அடுத்த கோப்பில் இருக்கிறதாம்.
ஒரு படிவம் நிரப்பினால் போதும் என்றாள் அந்தப் பெண்.
எங்களுக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்த கைகள்
நாலைந்துதான் இருந்தன.
ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும்.
படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
அது சலவைக்குப் போய்க் கூழாகிவிட்டது.

கட்டுரையின் கடைசியில்
"தகவல் உதவி: தேனீ" என்று போட்டேன்.
போதகர் அடித்தார்.
நான் திரும்ப எழுதினேன்.
அவர் மறுபடி அடித்துவிட்டு,
ஹெல்மி அக்கா இருந்திருந்தால் என்ன செய்வாள் என்று கேட்டார்.
அவள் ஆளுக்கொரு துண்டு வெட்டியிருப்பாள், என்றேன்.
அச்சுக்குப் போன பிரதியில் என்ன இருந்ததோ,
இன்னும் வந்து சேரவில்லை.

படத்துக்காக அந்தப் பலகையைத் தேடி எடுத்தேன்.
கம்பளி ஆடுகள் பூச்சி அரித்து, ஆனாலும் ஒட்டுகின்றன.
எண்ணினேன், பதினொன்று.
மூன்று அலமாரிக்குப் பின்னால் விழுந்திருக்கலாம்.
அலமாரி ஓக் மரம், என்னால் ஆகாது.
சனிக்கிழமை இளைஞர் கூட்டம் முடிந்ததும்
நாலு பையன்களை வரச் சொல்லியிருக்கிறேன்,
நகர்த்த.