பதினெட்டு விநாடி

ராஸ் அல் கைமாவில்
மலையைக் குடையும் சிமெண்ட் ஆலைக்குப் பின்னால்
எங்கள் மருந்துக் கம்பெனி.
விசாவில் கெமிஸ்ட் என்று போட்டிருக்கிறது.
வேலையில் நான் ஒரு நாக்கு.

மாதம் மூன்று நாள்
சன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து
மாத்திரையை நாக்கில் வைத்து
ஸ்டாப்வாட்சை அழுத்துவேன்.
கரைந்ததும் நிறுத்தி
துப்பி, கொப்பளித்து
ஒரு எண் எழுதுவேன்.
சைபர் என்றால் கசப்பே இல்லை.
நாலு என்றால்
அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது.

வேப்பங்கொழுந்து மாதிரியா, என்று
அறைவாசிகள் கேட்பார்கள்.
வேம்புக்கு ஒரு மரமாவது இருக்கிறது.
மென்று முடித்துத் தண்ணீர் குடித்தால்
லேசாகத் தித்திக்கவும் செய்யும்.
இந்தக் கசப்பு எங்கேயும் முளைத்ததில்லை.
டிரம்மில் வந்தது,
தொகுதி எண்ணோடு.

குழந்தைகளின் வாந்தியை நிறுத்தும் மருந்து.
தண்ணீர்கூடத் தங்காத வாயில்
தானாகக் கரைய வேண்டும்.
கசந்தால் அதற்கே இன்னொரு வாந்தி.
ஆகவே
ரெசின் மணிகளுக்குள் கசப்பைப் பூட்டினோம்.
எச்சில் தட்டினால் திறக்காது,
இரைப்பையின் புளிப்புக்குத் திறக்கும்.
சுற்றிலும் மானிட்டால்,
பட்டதும் நாக்கில் ஜில்லென்று ஒரு நிழல் விழும்.
அப்புறம் ஆரஞ்சு வாசனை.
இருபது விநாடிக்குள் உதிர வேண்டும் என்பதால்
அழுத்தம் குறைத்து, தளர்வாகத் தட்டிய மாத்திரை.
ஆகஸ்டில் கதவு சரியாகச் சாத்தாத ஒரு ராத்திரி
நாற்பதாயிரம் மாத்திரைகளை
நாக்கே இல்லாமல் தின்றுவிட்டுப் போனது
கடல்காற்று.

நோன்பு மாதம் வந்தது.
குழுவில் ஆறு நாக்கு. நாலு பேர் நோன்பு.
ரொடேலியோவுக்குச் சளி, அவன் நாக்கில்
ஆரஞ்சும் ஒன்றுதான் அட்டையும் ஒன்றுதான்.
மக்ரிபுக்குப் பிறகு வாருங்கள் என்றார்
டாக்டர் மெத்ஹத்.
பேரீச்சம்பழத்தின் இனிப்பு போக
வாயைக் கழுவி, அரைமணி நேரம்
சும்மா உட்கார்ந்திருந்தோம்.
யாரும் பேசவில்லை. ஏசி பேசியது.

பதினெட்டு விநாடி.
எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது.
எல்லோரும் சைபர்.
கைதட்டல்கூட ஆகிவிட்டது.
புஷ்ரா மட்டும் பேனாவைத் திறக்காமல்
கண்ணை மூடியிருந்தாள்.
கார்ட்டூமில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள்,
இங்கே பாக்கிங்கில் சேர்ந்து
நல்ல நாக்கு என்று எங்களிடம் வந்தவள்.
மூன்று என்று எழுதினாள்.

மூன்றா?

“இப்போது இல்லை. அப்போதும் இல்லை.
எல்லாம் போன பிறகு வருகிறது.
கதவைச் சாத்திய பிறகு
வாசலில் யாரோ இருமுவது மாதிரி.”

மறுபடி வைத்தேன்.
பதினெட்டில் நிறுத்தவில்லை.
முப்பது. முப்பத்தைந்து.
காலையிலிருந்து நாலு டீ கண்ட நாக்கு
என்னுடையது.
நாற்பத்தொன்றில்
கடைவாய்ப் பல்லிடுக்கில் சிக்கிய
ஒரே ஒரு மணி
திறந்துகொண்டது.

இத்தனை மாதமும்
கரைந்ததோடு நிறுத்திக்கொண்டிருந்தோம்.

படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்:
ஒரு நிமிடம் கழித்து.
ஆறு தொகுதிகள் குப்பைக்குப் போயின.
மணியை இன்னும் பொடியாக அரைத்து
மேலே இன்னொரு பூச்சு பூசி
பெருநாள் கழிந்து இரண்டு வாரத்தில்
உண்மையான சைபர் வந்தது.
எனக்கும், சளி விட்ட ரொடேலியோவுக்கும்.
புஷ்ராவுக்கும்.

அந்த வியாழக்கிழமை
அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள்.
நல்ல தாள். மேலே கம்பெனியின் பச்சை முத்திரை.
அவள் ஆற்றிய பணி மதிப்பிட முடியாதது என்று தொடங்கி
குடும்பம் என்ற சொல் இரண்டு இடத்தில்,
வருங்காலம் ஒளிமயமாக வாழ்த்து,
நடுவே எங்கேயோ
ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது.
ஆறு தொகுதிகளின் கணக்கு அதில் இல்லை.

அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
படித்து முடித்தாள்.
சிரித்தாள், ஷுக்ரன் என்றாள்,
தாளை நாலாக மடித்து
கோட்டுப் பையில் வைத்தாள்.
மேசை மேல் கிடந்த ஸ்டிக்கர்களை
நேராக அடுக்கினாள்.

அப்புறம்
எதையோ கேட்டவள் போல நிமிர்ந்து,
எழுந்து, சிங்க்கில் குழாயைத் திறந்து
வாய் கொப்பளிக்கத் தொடங்கினாள்.